டெல்கோ என்றொரு தமிழ்ச்சொல்

அம்பாசிடரோ பத்மினியோ, பழைய பெட்ரோல் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் கேட்பது இரண்டே கேள்விகள். "பெட்ரோல் வருதா? கரண்ட் வருதா?" பெட்ரோல் சரி என்றால் அடுத்து பையனிடம், "டெல்கோ மூடியைக் கழட்டுடா" என்பார்.

அவர் டெல்கோ என்பது டிஸ்ட்ரிபியூட்டரை. நான்கு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிடும் பாகம். வேடிக்கை என்னவென்றால், நம்மூர் வண்டிகள் பலவற்றில் அதன்மேல் பொறித்திருப்பது லூகாஸ் டிவிஎஸ் என்ற பெயர். சென்னைப் பாடியில் 1961-ல் தொடங்கிய கம்பெனி அது. அப்படியானால் டெல்கோ எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் ஒஹாயோவில் டேட்டன் என்றொரு ஊர். அங்கே கடைக் கல்லாவுக்கான இயந்திரங்கள் செய்யும் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டரில் வேலை பார்த்தவர் சார்லஸ் கெட்டரிங். அவரும் எட்வர்ட் டீட்ஸும் 1909-ல் ஆரம்பித்ததுதான் டேட்டன் எஞ்சினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி. சுருக்கினால் டெல்கோ. அவர்களுடைய இக்னிஷன் 1910 மாடல் காடிலாக்கில் வந்தது. 1912 மாடலில் செல்ஃப் ஸ்டார்ட்டரும் வந்து, கையொடிக்கும் ஹேண்டிலுக்கு முடிவுகட்டத் தொடங்கியது. பிறகு டெல்கோ ஜெனரல் மோட்டார்ஸுக்குள் போயிற்று. அந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் செவர்லே கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. பெயரும் அந்த வண்டிகளோடுதான் இங்கே இறங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நகல் எல்லாமே ஜெராக்ஸ் ஆன மாதிரி, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாமே டெல்கோ ஆகிவிட்டது.

வந்தது பெயர் மட்டுமல்ல, பழுது பார்க்கும் முறையும்தான். கெட்டரிங் முறையில் பேட்டரியின் 12 வோல்ட் காயில் வழியாக ஓடும். டெல்கோவுக்குள் பாயிண்ட் திறக்கும் நொடியில் அந்த ஓட்டம் அறுந்து, காயிலின் மறுபக்கம் பல்லாயிரம் வோல்ட் எழும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், பாயிண்ட் வினாடிக்கு 100 தடவை திறந்து மூடுகிறது. தேயாமல் என்ன செய்யும்?

ஆகவே மெக்கானிக் செய்வது இது: டெல்கோ மூடியின் நடு வயரை உருவி, ரப்பர் பிடியுள்ள குறடால் எஞ்சின் இரும்புக்கு அருகே பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்வார். நீலமாகப் பொறி பறந்தால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் நல்லது. கோளாறு மூடியிலோ ரோட்டரிலோ பிளக்கிலோ. பொறி இல்லையென்றால் கோளாறு இந்தப் பக்கம். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பெரும்பாலும் பாயிண்டில் களிம்பு பிடித்திருக்கும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்தால் போதும். பாயிண்ட் அடிக்கடி கருகினால் கண்டன்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

மென்பொருளில் பிழை தேடும்போது நானும் இதைத்தான் செய்கிறேன்: பாதியில் வெட்டி, எந்தப் பாதியில் கோளாறு என்று பார்ப்பது. பட்டறையில் யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. ஒரு வயரை உருவச் சொல்லித் தலைமுறைகளுக்குக் கடத்திவிட்டார்கள்.

இன்றைய வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. கம்ப்யூட்டரே பொறி நேரத்தைக் கணக்கிடுகிறது. பாயிண்ட் செட் பண்ணத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்லும் உதிரிபாகப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு டேட்டன் இருக்கக்கூடும்.