புளியமரத்துக்குள்ள ஒரு கடிகாரம்

இன்னைக்கு எபிசோட் ஜெட் லாக் பத்தி. ஆனா ஏர்போர்ட்ல ஆரம்பிக்கப் போறதில்லை, மத்தூர்ல ஆரம்பிக்கிறேன். கிருஷ்ணகிரியில இருந்து ஊத்தங்கரை போற ரோட்டுல வர்ற மத்தூர்தான். அந்தப் பக்கம் புளியமரத்துக்குப் பஞ்சமே இல்லை. பொழுது சாய்ஞ்சதும் அதோட இலைகள் கூம்பிடும், விடிஞ்சா விரியும். நாம பார்த்திருப்போம், யோசிச்சிருக்க மாட்டோம்.

யோசிச்ச ஒருத்தர், அலெக்சாண்டரோட கடற்படையில இருந்த ஆண்ட்ரோஸ்தனிஸ். கி.மு. 4-ம் நூற்றாண்டுல, இன்றைய பஹ்ரைன்ல ஒரு மரம் இப்படித் தூங்கி எழுறதைக் குறிச்சு வெச்சார். அது புளியமரம்தான்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. வெயில் போச்சு, இலை மூடுச்சு, அவ்வளவுதானேன்னு தோணும். 1729-ல் பிரான்ஸ்ல தெ மெரான்ங்கிறவர் தொட்டாற்சிணுங்கி மாதிரி ஒரு செடியை இருட்டுல வெச்சுப் பார்த்தார். வெயிலே படாமலும் அது நேரத்துக்கு விரிஞ்சது. அப்போ கடிகாரம் உள்ளேயே இருக்கு.

நம்ம ஊர்ல இந்தக் கதையைத் தொடர்ந்தவர் எம்.கே. சந்திரசேகரன். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஜன்னலும் கடிகாரமும் இல்லாத அறையில ஆட்களை நாள்கணக்குல தங்க வெச்சு, அவங்க தூக்கத்தை ஆராய்ந்தவர். அவருடைய குழு 1981-ல் வெளியிட்ட வௌவால் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெளிச்சமே வராத குகைக்குள்ள ஒரு வௌவாலைக் கூண்டுல வெச்சாங்க. கூட்டம் வந்து போற குகையில, அது மத்த வௌவால்களோட நேரத்தையே பின்பற்றுச்சு. ஆளில்லாத குகையில அதோட நாள் மெல்ல மெல்ல நகர்ந்து போயிடுச்சு. சுத்தி இருக்கிறவங்களும் ஒரு கடிகாரம்தான், வௌவாலுக்காவது!

சரி, விமானத்துக்கு வருவோம். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் சென்னையில கப்பல் ஏறினார், ஏப்ரல் 14 லண்டன். ஐந்தரை மணி நேர வித்தியாசம் 28 நாள்ல கரைஞ்சது, நாளைக்குச் சுமார் 12 நிமிஷம். அந்த வேகத்துக்கு உடம்பு அலட்டிக்கவே இல்லை. 1960-ல் ஏர் இந்தியாவோட போயிங் 707 நியூயார்க்குக்கே பறக்க ஆரம்பிச்சது. ஜெட் லாக்ங்கிற வார்த்தையே அந்தப் பத்தாண்டோட நடுவுலதான் பிறந்தது. உள்ளே இருக்கிற கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். அதுவும் நம்ம இயல்பான நாள் 24 மணியைவிடக் கொஞ்சம் நீளம்ங்கிறதால, மேற்கே போறது சுலபம், கிழக்கே வர்றது கஷ்டம்.

"இறங்கின உடனே காலை வெயில்ல நில்லு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. பாதிதான் சரி. லண்டன்ல இருந்து திரும்பி பெங்களூர்ல காலை 6 மணிக்கு இறங்கறீங்கன்னு வைங்க. உடம்புக்கு அது நள்ளிரவு 12:30. அப்போ படுற வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளும். முதல் நாள் காலை கண்ணாடி போட்டுக்கிட்டு, 11 மணிக்கு மேல வெயில்ல நடங்க. காபி மதியத்தோட நிறுத்திடுங்க. ஊர்க்காரங்க சாப்பிடுற நேரத்துக்கே சாப்பிடுங்க.

விமானமே ஏறாம இதை அனுபவிக்கிறவங்க மத்தூர்லயே இருக்காங்க. பக்கத்துல போச்சம்பள்ளி சிப்காட், அந்தப் பக்கம் ஓசூர். வாரம் ஒரு ஷிப்ட் மாறினா, எட்டு மணி நேரம் நகரணும். உடம்பு பாதி வழி வர்றதுக்குள்ள அடுத்த ஷிப்ட். பயணிக்கு இறங்கின ஊர்ல சூரியன் துணைக்கு நிக்கும். நைட் ஷிப்ட்காரருக்கு அதுவே எதிராளி. விடியற்காலை கம்பெனி பஸ்ல வீடு திரும்பும்போது முகத்துல அடிக்கிற வெயில், "எழுந்திரு"ன்னு உடம்புக்குச் சொல்லும். அவர் போறதோ தூங்குறதுக்கு. அந்த பஸ்ல ஒருத்தர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தா ஸ்டைலுக்குன்னு கிண்டல் பண்ணாதீங்க. ஜன்னல் திரையையும் கொஞ்சம் இழுத்து விடுங்க.