வில்லுக்குச் சாயமேற்றல்

வில்லுக்குச் சாயமேற்றல் என்பது கையால் செதுக்கிய மரவில்லின் நிறத்தை, அதன் வளையும் தன்மை கெடாமல் மாற்றும் மெருகு வேலை. ஹிக்கரி, ஆஷ் போன்ற வெளிர்மரங்களுக்கே இது பெரிதும் பயன்படுகிறது.

வண்ணங்கள் இருவகை. சாயம் நீரிலோ ஸ்பிரிட்டிலோ கரைந்து இழைக்குள் இறங்கும், மரவரியை மறைக்காது. நிறமி கலந்த ஸ்டெயின் துளைகளில் தங்கி வரியை அழுத்திக் காட்டும். நீர்ச்சாயம் பட்டதும் மரஇழை சிலிர்த்து நிற்கும். ஆகவே முன்னதாகவே மரத்தை நனைத்து, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துவிடுவர். வில்முனைகளின் வெட்டுமுகம் சாயத்தை அதிகம் குடித்துக் கருக்கும். எண்ணெய் பூசிய மரத்தில் சாயம் பிடிக்காது. எனவே ஆளிவிதை எண்ணெயோ அரக்கு மெருகோ கடைசியில்தான். விறைத்த கனமான பூச்சு, வில் வளையும்போது வெடிக்கும்.

வினிகரில் இரும்புத்துருவலை ஊறவைத்த நீர், மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளுடன் வினைபுரிந்து கருநிறம் தரும். டானின் குறைந்த மரத்துக்கு முதலில் கடுந்தேநீர் பூசுவதுண்டு. 1856இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்கின் மாவ் என்னும் இளம் ஊதாச் சாயத்தைக் கண்டறிந்த பின்னரே செயற்கைச் சாயங்கள் பரவின. அதுவரை வால்நட் காய்த்தோல் முதலான தாவரச் சாறுகளே பெரிதும் கைகொடுத்தன.

வட அமெரிக்க ஓசேஜ் ஆரஞ்சு மரவில்லுக்குச் சாயம் தேவையில்லை. அதன் பளிச்சென்ற மஞ்சள், ஒளி பட்டுத் தானே பழுப்பாகிவிடும்.