கோவலன் கூத்தும் பெண்வேட அழகும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் கண்ணகி வழிபாடும் கூத்தும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தவை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலைப் போன்றே, முல்லைத்தீவுப் பகுதியில் வழங்கும் கோவலன் கூத்தும் அம்மரபின் வெளிப்பாடாகும். மரபுவழிக் கூத்தில் கண்ணகியாகவும் மாதவியாகவும் ஆடியோர் ஆடவரே. பகலில் வயலில் உழைத்தவன் இரவில் மாதவியாகத் தோன்றும்போது அவையோர் ஏமாறுவதில்லை. அவன் யாரென்பதை ஊர் அறியும். அறிந்தும் அவ்வழகில் ஈடுபட்டனர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இவ்வீடுபாடு கூத்துக்கு மட்டும் உரியதன்று. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடியும் ஒன்று. மகன் அநிருத்தனைச் சிறைமீட்கக் காமன் பேடிக்கோலம் பூண்டு ஆடியது அது. ஆங்கு, ஆண் திரிந்த கோலத்தைப் பெண்ணொருத்தி ஆடுகிறாள். வன்னிக் களரியில் அப்பெண்ணையே ஆணொருவன் ஆடுகிறான். தமிழகத்தில் 1935இல் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். அழகு பிறப்பால் அமைவதன்று. ஆட்டமும் குரலும் உடுப்பும் ஆக்கித் தருவது என்ற எண்ணம் இவை அனைத்திற்கும் பொது எனலாம்.

ஆயினும், இதனைச் சமத்துவத்தின் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. பெண்மையைக் கொண்டாடிய களரி பெண்ணை விலக்கியே வைத்தது. விடிந்ததும் வேடம் கலையும் என்ற உறுதியின்பேரிலேயே பெண்மை பூண்ட ஆண் ஏற்கப்பட்டான். வேடமாக அன்றி இயல்பாகவே அவ்வாறு வாழ்ந்தோர்க்குக் கிட்டியது பெரிதும் ஏளனமே. கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் பதிவுசெய்யும் ஆய்வாளர் இம்முரணையும் பதிவுசெய்தல் வேண்டும்.