திண்டுக்கல் பூட்டு: வரலாறும், காணொளியில் பதிவு செய்யத்தக்க தொழில்நுட்பமும்

திண்டுக்கல் பூட்டு என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் கையால் செய்யப்படும் உலோகப் பூட்டு ஆகும். ஏறத்தாழ 150 ஆண்டுக்கால வரலாறு உடையதாகக் கணக்கிடப்படும் இத்தொழிலால் திண்டுக்கல்லுக்குப் 'பூட்டு நகரம்' என்ற பெயர் வந்தது. 2019 ஆகஸ்டில் இப்பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தொழில்நுட்பத் திறனாய்வு என்றால் இன்றைய மாணவர்களுக்குக் கைப்பேசியும் காதணி ஒலிபெருக்கியும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு பொருளைப் பலர் அறியச் சோதித்து, அதன் நிறைகுறைகளைச் சொல்லும் வழக்கம் 200 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. அதன் புகழ்பெற்ற தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்று பூட்டைப் பற்றியதே. திறனாய்வுக் காணொளியோ செயல்திட்டக் காணொளியோ எடுக்க விரும்பும் மாணவர், திண்டுக்கல் பூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாலே இயற்பியல், கணிதம், உலோகவியல், வரலாறு ஆகிய நான்கையும் அதில் காணலாம்.

ஊரும் தொழிலும்

திண்டுக்கல்லின் அடையாளமான பாறைக்குன்றின் மீது மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் கோட்டை கட்டத் தொடங்கினார். 1755-இல் மைசூர் அரசின் சார்பில் ஐதர் அலி இங்குப் பௌஜ்தாராகப் பொறுப்பேற்றார். மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1790-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். 1792-இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. மதுரை, திருச்சி, கரூர், பழனி ஆகிய ஊர்களின் சாலைகள் கூடும் இடமாக இருப்பதால், படைநகரம் என்ற நிலை மாறிய பிறகும் திண்டுக்கல் வணிக நகரமாக வளர்ந்தது.

வணிகம் பெருகும் ஊரில் கிடங்கு, கடை, கல்லாப்பெட்டி ஆகியவற்றுக்குப் பூட்டு தேவை. இரும்பு வேலை தெரிந்த கைவினைஞர் குடும்பங்கள் அந்தத் தேவையை நிறைவு செய்தன. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி போன்ற இடங்களில் பட்டறைகள் பெருகின. புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது வெளியான செய்திகளில், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் பரப்புக்குள் 3,125-க்கும் மேற்பட்ட பூட்டுத் தயாரிப்பு அலகுகள் இருப்பதாகக் குறிப்பிடப்பட்டது. இவற்றுள் பல, வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ நடக்கும் சிறு பட்டறைகள். இரும்புத் தகடும் பித்தளைத் தகடும் மதுரை, சேலம் முதலிய ஊர்களிலிருந்தும் வருகின்றன.

மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, மணிப் பூட்டு, கதவுப் பூட்டு, இழுப்பறைப் பூட்டு, ஷட்டர் பூட்டு, தந்திரப் பூட்டு என 50-க்கும் மேற்பட்ட வகைகள் இங்குச் செய்யப்படுகின்றன. மாங்காய்ப் பூட்டு தன் வடிவத்தால் பெயர் பெற்றது. தந்திரப் பூட்டில் சரியான சாவியைப் போட்டால் மட்டும் போதாது. மறைவாக உள்ள சிறு பொத்தானை அழுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது

திண்டுக்கல் பூட்டுகளில் புகழ்பெற்றவை லீவர் பூட்டுகள். பூட்டின் உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு லீவர். ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டில் ஒரு வெட்டுவழி உண்டு. தாழின் மேல் ஒரு சிறு முளை உண்டு. எல்லா லீவர்களின் வெட்டுவழிகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால்தான் அந்த முளை உள்ளே நுழையும், தாழ் நகரும், பூட்டு திறக்கும்.

சாவியின் பற்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்குகிறது. குறைவாகத் தூக்கினாலும் முளை தடுக்கப்படும். அதிகமாகத் தூக்கினாலும் தடுக்கப்படும். இந்த 'இருபுறத் தடை' முறைக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் 1778-இல் காப்புரிமை பெற்றார். உலகெங்கும் உள்ள லீவர் பூட்டுகளின் அடிப்படை இதுவே.

லீவர்களின் எண்ணிக்கை கூடக் கூடப் பாதுகாப்பு எப்படிக் கூடுகிறது என்பதைக் கணக்கால் காட்டலாம். ஒரு பல்லுக்கு 6 உயரங்கள் சாத்தியம் என்று கொள்வோம். 3 லீவர் பூட்டில் 6×6×6 = 216 வகைச் சாவிகள் அமையலாம். 5 லீவர் என்றால் 7,776. 7 லீவர் என்றால் 2,79,936. நடைமுறையில் சில அமைப்புகள் பயன்படா என்பதால் எண்ணிக்கை சற்றுக் குறையும். ஆனால் இரண்டு லீவர் கூடுதலாக வைத்தால் சாவி வகைகள் 36 மடங்கு பெருகுகின்றன என்பது மாறாது. பள்ளியில் அடுக்குக்குறி நடத்தும்போது இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கையால் செய்யும் பூட்டில் சாவியும் லீவர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தனித்தனியாக அரத்தால் ராவப்படுகின்றன. அச்சில் வெட்டி ஆயிரக்கணக்கில் எடுக்கும்போது குறிப்பிட்ட சில சாவி அமைப்புகளே திரும்பத் திரும்ப வரக்கூடும். கைவேலையில் ஒவ்வொரு பூட்டும் தனி அளவு கொண்டது. திண்டுக்கல் பூட்டின் பெயருக்கு அடிப்படை இதுதான்.

பூட்டும் பொதுச் சோதனையும்

திறனாய்வின் வரலாற்றுக்கு இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். ஜோசப் பிராமா 1784-இல் ஒரு புதுவகைப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1790 வாக்கில் லண்டன் பிக்காடிலி தெருவிலிருந்த தம் கடையின் சன்னலில் ஒரு பூட்டை வைத்தார். அதைத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். பல பத்தாண்டுகள் யாராலும் திறக்க முடியவில்லை.

1817-இல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் நடந்த திருட்டைத் தொடர்ந்து, சொந்தச் சாவியால் அன்றி வேறெதனாலும் திறக்க முடியாத பூட்டுக்கு அரசு பரிசு அறிவித்தது. ஜெரமையா சப் 1818-இல் ஒரு லீவர் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். யாராவது கள்ளச்சாவி போட்டு லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் பூட்டு இறுகிக்கொள்ளும். உரிமையாளர் அடுத்த முறை சாவி போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அறிந்துகொள்வார்.

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ், சாட்சிகள் முன்னிலையில் சப் பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்துகாட்டினார். பிறகு பிராமா பூட்டையும் திறந்தார். அதற்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆயிற்று. குறையை இப்படி வெளிப்படையாகச் சொல்வது திருடருக்கு உதவும் என்று சிலர் கண்டித்தனர். திருடருக்கு அது முன்பே தெரியும். பூட்டு வாங்குபவருக்குத்தான் தெரியவில்லை என்று ஹாப்ஸ் தரப்பினர் வாதிட்டனர். விளைவாகப் பூட்டுச் செய்வோர் தம் பொருட்களைத் திருத்திக்கொண்டனர்.

நல்ல திறனாய்வின் இலக்கணம் இந்நிகழ்வில் இருக்கிறது. சோதனை முறை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. சாட்சிகள் இருந்தனர். எடுத்துக்கொண்ட நேரம் குறிக்கப்பட்டது. தயாரிப்பாளரின் புகழைக் கண்டு சோதனையாளர் தயங்கவில்லை.

போட்டியும் நலிவும்

இந்தியாவில் பூட்டுக்குப் பெயர் பெற்ற மற்றோர் ஊர் உத்தரப் பிரதேசத்தின் அலிகார். பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் தொடங்கிய பூட்டுத் தொழிற்சாலை பின்னாளில் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. இயந்திரத்தால் அச்சடித்துச் செய்யும் பூட்டுகள் விலை குறைவாகச் சந்தைக்கு வந்தபோது, நாள் முழுதும் ராவி ஓரிரு பூட்டு செய்யும் தொழிலாளியால் விலையில் போட்டியிட முடியவில்லை. தகட்டின் விலை ஏறியது. கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. அடுத்த தலைமுறை வேறு வேலைகளுக்குப் போயிற்று. பட்டறைகளில் மூத்தவர்களே மிஞ்சுகின்றனர்.

திண்டுக்கல் பூட்டு, இரும்புச் சாமான் மற்றும் எஃகு அறைகலன் தொழிலாளர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 2013-இல் புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்தது. 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையோடு சேர்த்து இப்பூட்டுக்கும் குறியீடு கிடைத்தது. இதன் பயன் முக்கியமானது. வேறு ஊரில் செய்த பூட்டைத் 'திண்டுக்கல் பூட்டு' என்ற பெயரில் விற்பதைச் சட்டப்படி தடுக்கலாம். ஆனால் சட்டம் காப்பது பெயரை மட்டுமே. லீவரை எந்த அளவில் ராவ வேண்டும், ஸ்பிரிங்குக்கு எவ்வளவு இழுவை வேண்டும், சாவி சுழலும்போது எந்த ஓசை வந்தால் பூட்டு சரி என்பவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவை கையிலும் கண்ணிலும் காதிலும் இருக்கின்றன. அந்தக் கை ஓய்ந்தால், பெயர் இருக்கும், பொருள் இராது.

காணொளிகளுக்கான சில கருத்துகள்

இந்த இடத்தில்தான் மாணவர்களின் காணொளி வரலாற்றுப் பணியாக மாறுகிறது. கைப்பேசிக் கேமரா ஒன்றே போதுமான சில முயற்சிகள்:

1. தகட்டிலிருந்து சாவி வரை: ஒரே பூட்டு, ஒரே தொழிலாளி. தகடு வெட்டுவது முதல் கடைசி ரிவிட் அடிப்பது வரை தொடர்ந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரத்தையும் கருவியின் பெயரையும் திரையில் காட்ட வேண்டும். பட்டறையில் வழங்கும் பெயரையே பயன்படுத்த வேண்டும்; நாளை அகராதிக்கு அதுவே மூலம். பின்னணி இசை வேண்டாம், அரத்தின் ஓசையே பாடம்.

2. உள்ளே தெரியும் பூட்டு: அட்டையாலோ அக்ரிலிக் தகட்டாலோ 3 லீவர் கொண்ட பெரிய மாதிரி ஒன்று செய்யலாம். ரப்பர் வளையங்கள் ஸ்பிரிங்குக்கு ஈடாகும். சரியான சாவி, ஒரு பல் குட்டையான சாவி, ஒரு பல் நெட்டையான சாவி என மூன்றையும் போட்டுக் காட்டினால், பாரனின் கண்டுபிடிப்பு ஒரு நிமிடத்தில் விளங்கும்.

3. ஒப்பீட்டுத் திறனாய்வு: கையால் செய்த பூட்டு ஒன்று, அதே அளவுள்ள இயந்திரப் பூட்டு ஒன்று. எடை, லீவர் எண்ணிக்கை, விலை, பழுதுபார்க்க இயலுமா என்பவற்றை அட்டவணையாக்கலாம். பித்தளை என்று விற்பது முழுப் பித்தளையா, மேற்பூச்சா என்பதைக் காந்தம் காட்டிவிடும். பித்தளையைக் காந்தம் இழுக்காது. உப்புநீர் தெளித்து ஏழு நாட்கள் வைத்து, தினமும் ஒரு படம் எடுத்தால் துருச் சோதனை. ஒரே ஒரு பூட்டை வைத்து முடிவு சொல்லாமல், வகைக்கு மூன்றாவது சோதிப்பது நல்லது.

4. இரு சாவி மின்சுற்று: கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளை வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் கொடுக்கும் வழக்கம் உண்டு. இருவரும் வந்தால்தான் உண்டியல் திறக்கும். ஒரு மின்கலம், ஒரு விளக்கு, தொடரிணைப்பில் இரண்டு சுவிட்சுகள் கொண்டு இதே விதியைக் காட்டலாம். கணினிப் பாடத்தில் வரும் 'உம்' வாயில் இதுதான்.

5. எண் பூட்டும் இரும்புப் பூட்டும்: சிறு மின்னணுப் பலகையைக் கொண்டு எண் பூட்டு செய்யும் மாணவர், மின்சாரம் போனால் தம் பூட்டு என்ன செய்யும் என்பதையும் காட்ட வேண்டும். திறந்துகொள்ளுமா, மூடியே இருக்குமா? கிடங்குக் கதவுக்கு ஒரு விடை, தீ விபத்தில் வெளியேற வேண்டிய கதவுக்கு வேறு விடை.

காட்ட வேண்டியதும் காட்டக் கூடாததும்

ஹாப்ஸ் காலத்து வாதம் இன்றைய காணொளிக்கும் பொருந்தும். பூட்டு எப்படி இயங்குகிறது, எந்தப் பூட்டு உறுதியானது என்று சொல்வது வாங்குபவருக்கு உதவும். ஒருவர் வீட்டில் புழங்கும் பூட்டையோ அதன் சாவியையோ அருகில் வைத்துப் படமெடுப்பது வேறு செயல். சாவியின் பற்கள் படத்தில் தெளிவாகத் தெரிந்தால், அந்தப் படத்தைக் கொண்டே இன்னொரு சாவி செய்துவிட முடியும். சோதனைக்கென்றே வாங்கிய பூட்டை மட்டும் காட்டுவதும், அதன் சாவியைப் பின்னர்ப் புழக்கத்தில் விடாமல் இருப்பதும் முறை.

தொழிலாளியின் உரிமையும் உண்டு. தந்திரப் பூட்டின் மறைவுப் பொத்தான் எங்கே என்பது அவருடைய தொழில் இரகசியம். எதைக் காட்டலாம், எதை விடலாம் என்று அவரிடம் கேட்டுப் படமெடுக்க வேண்டும். அவர் விரும்பினால் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒரு நாள் வேலை தடைப்பட்டால் ஒரு நாள் கூலி போகும் என்பதால், அவர் செய்யும் பூட்டு ஒன்றை உரிய விலைக்கு வாங்கிக்கொள்வது குறைந்தபட்ச நேர்மை. அந்தப் பூட்டையே சோதனைக்கும் பயன்படுத்தலாம்.

பிராமாவின் பூட்டு இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் செய்த முறையும் வரைபடங்களாகவும் நூல்களாகவும் எஞ்சியுள்ளது. திண்டுக்கல் பட்டறைகளின் முறை இன்னும் பெரும்பாலும் செய்பவரின் கையிலேயே உள்ளது. அதை எழுத்திலும் படத்திலும் பதிய இன்றைய மாணவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. மூத்த கைவினைஞர்கள் பட்டறையில் அமர்ந்திருக்கும் காலமே அதற்கான காலம்.