எழுபதாயிரம் என்னும் எண்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது பலாபத்வல. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், மன்னாரில் கரையிறங்கிய தமிழகத் தொழிலாளர் மலையகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து சென்றது இவ்வழியாகவே. பசியாலும் வாந்திபேதியாலும் பலர் வழியிலேயே மாண்டனர்.

மாண்டோர் எத்தனை பேர்? 1841 முதல் 1848 வரை 70,000 பேர், அதாவது வந்தோருள் நான்கிலொரு பங்கினர், என 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' கணித்தது. பின்வந்த ஆய்வுகள் பலவும் இதனையே எடுத்தாண்டன. பட்டப்பின் கருத்தரங்கிலே ஓர் ஆய்வுக்கட்டுரையை முன்வைக்கும் மாணவர் இவ்வெண்ணைக் காணுமிடத்து, அது பெறப்பட்ட முறையையே முதலில் வினவுதல் வேண்டும். பிணங்களை எவரும் எண்ணினாரல்லர். வந்தோர் தொகையிலிருந்து திரும்பியோரையும் தோட்டங்களில் உள்ளோரையும் கழித்துப் பெற்ற மிச்சமே அது. பதிவின்றிப் படகேறி ஊர் திரும்பியவனும் அக்கணக்கில் இறந்தவனாவான். கூறியவர் யார் என்பதும் நோக்கற்பாலது: இதழாசிரியர் கிறிஸ்தோபர் எலியட் அரசாங்கத்தைக் கடுமையாகச் சாடி வந்தவர்.

இதனால் அவலம் சிறிதாகிவிடாது. வருகைப் பதிவிலேயே இடம்பெறாது வந்து, பலாபத்வலைக்கு வடக்கே எங்கோ காட்டில் வீழ்ந்தவன் இக்கணக்கினுள்ளும் அகப்படவில்லை.