எலுமிச்சம்பழ வரி

வரி இல்லாத ஊரைப் பார்த்துக் குடி போக வேண்டும் என்ற ஆசை மனிதனுக்குப் புதிதாக வந்ததல்ல. ஆனால் அந்தக் காலத்து வியாபாரி குடி பெயர்ந்தால் கடையையும், கிடங்கையும், வாடிக்கைக்காரர்களையும் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. இன்றைக்கு இணையத்தில் வியாபாரம் செய்கிற இளைஞனுக்கு அந்தத் தொல்லை இல்லை. மடியில் வைத்திருக்கும் கணினிதான் அவனுடைய கடை. சரக்கு வாங்குகிறவர் டொரன்டோவிலும் இருப்பார், தூத்துக்குடியிலும் இருப்பார். ஆகவே ஜவுளிக் கடையில் புடவை பார்ப்பது போல் அவன் தேசங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறான். துபாய் நல்லதா, அண்டோரா நல்லதா, மொனாக்கோ கைக்கு எட்டுமா என்று என்னிடமே வந்து கேட்ட பிள்ளைகள் உண்டு. கதை எழுதுகிறவனிடம் வரி விஷயம் கேட்பது பல் வைத்தியரிடம் ஜாதகம் காட்டுவதைப் போன்றது. இருந்தாலும் மொனாக்கோவின் சரித்திரம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

மொனாக்கோ என்பது பிரான்ஸின் தென்கரையில், இத்தாலிக்குக் கூப்பிடு தூரத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு பாறை. மொத்தப் பரப்பே சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர். 1297-ல் கிரிமால்டி வம்சத்தவர் ஒருவர் சந்நியாசி வேஷம் போட்டுக்கொண்டு கோட்டைக்குள் புகுந்து அதைப் பிடித்தார் என்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் சின்னத்தில் இன்றும் இரண்டு சாமியார்கள் கையில் கத்தியுடன் நிற்கிறார்கள். சந்நியாசியாக நுழைந்தவருடைய சந்ததி உலகத்துக் கோடீசுவரர்களுக்கெல்லாம் சத்திரம் வைத்தது பிற்பாடு நடந்த கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சமஸ்தானம் இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. மாந்தோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்கள் அதைச் சேர்ந்திருந்தன. மாந்தோனில் எலுமிச்சை அமோகமாக விளைந்தது. ஆலிவ் எண்ணெயும் உண்டு. பாறையின்மேல் அரண்மனை இருந்தது. அரண்மனைக்கு வேண்டிய பணம் மாந்தோனின் தோப்புகளிலிருந்து வந்தது. 1819-ல் பட்டத்துக்கு வந்த ஐந்தாம் ஒனோரே என்ற இளவரசர் ஏற்றுமதியாகும் எலுமிச்சம்பழத்துக்கும் எண்ணெய்க்கும் வரி போட்டார். அது போதாமல் ரொட்டியையே ஏகபோகமாக்கிவிட்டார். குத்தகைக்காரர் விற்கும் ரொட்டியைத்தான் ஜனங்கள் வாங்க வேண்டும். அவர் சொன்னதுதான் விலை. ரொட்டி நன்றாகவும் இல்லை. நம் ஊரில் உப்பு வரி போட்ட கதை தெரிந்தவர்களுக்கு, இது எங்கே போய் முடியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1848-ல் ஐரோப்பா முழுவதும் புரட்சிக் காற்று வீசியபோது, மாந்தோனும் ரோக்புரூனும் 'இனி நாங்கள் சுதந்திர ஊர்கள்' என்று அறிவித்துவிட்டன. 1860-ல் பிரான்ஸோடு சேர்ந்துகொள்வதாக வாக்களித்தன. மறு வருஷம் மொனாக்கோவின் இளவரசர் மூன்றாம் சார்லஸ் நாற்பது லட்சம் பிராங்கு வாங்கிக்கொண்டு இரண்டு ஊர்களையும் பிரான்ஸுக்கு எழுதிக் கொடுத்தார். ராஜ்யத்தில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சிற்று.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசித்ததுண்டு. வரியின் கொடுமை தாங்காமல் தேசம் விட்டுத் தேசம் போனவர்களைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறோம். மாந்தோன்காரர்கள் வீட்டைப் பூட்டவில்லை, மூட்டை கட்டவில்லை, ஓர் எலுமிச்சங்கன்றைக்கூடப் பிடுங்கி நடவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டே தேசத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

பாறையில் மிஞ்சியவர்களின் பாடுதான் திண்டாட்டம். விளைநிலம் கிடையாது, தொழில் கிடையாது. இளவரசரின் தாயார் கரோலின் கணக்கு வழக்குத் தெரிந்த கெட்டிக்காரி. ஜெர்மனியில் சில சிற்றரசர்கள் சூதாட்ட மண்டபம் வைத்துப் பிழைப்பதைப் பார்த்து, நாமும் வைத்தால் என்ன என்று நினைத்தார்கள். 1856-லேயே ஆரம்பித்தார்கள். குத்தகை எடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். சரியான சாலைகூட இல்லாத ஊருக்கு எந்தப் பணக்காரன் வருவான்?

1863-ல் வந்து சேர்ந்தார் பிரான்ஸுவா பிளாங்.

இந்த மனிதரை ஆதி காலத்து 'இணைய வியாபாரி' என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். முன்கதையைக் கேளுங்கள். மின்சாரத் தந்தி பரவுவதற்கு முன்னால் பிரான்ஸில் வேறொரு வகைத் தந்தி இருந்தது. குன்றுக்குக் குன்று கோபுரம். கோபுரத்தின் உச்சியில் மரக்கைகள். ஒரு கோபுரத்தின் கைகள் காட்டும் ஜாடையை அடுத்த கோபுரத்துக்காரன் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் பார்த்து, அதே ஜாடையைத் திருப்பிக் காட்டுவான். இப்படியே செய்தி ஊர் ஊராய்ப் பறக்கும். சர்க்கார் செய்திக்கு மட்டுந்தான் அது. பிளாங்கும் அவருடைய சகோதரரும் போர்தோ நகரத்தில் கடன் பத்திர வியாபாரம் செய்துவந்தார்கள். பாரிஸ் சந்தையின் விலை நிலவரம் தபால் வண்டியில் போர்தோவுக்கு வந்துசேர நாட்கள் ஆகும். அதற்கு முன்னால் தெரிந்துகொண்டால் லாபம் கொட்டுமே! வழியில் தூர் நகரத்துத் தந்திக்காரனுக்குக் கையூட்டுக் கொடுத்தார்கள். சர்க்கார் செய்தியின் நடுவில் அவன் ஒரு சின்னத் தப்பைச் சேர்த்து அனுப்புவான். அடுத்த கோபுரங்களெல்லாம் அந்தத் தப்பையும் விசுவாசமாகத் திருப்பிக் காட்டும். அந்தத் தப்புதான் சகோதரர்களுக்குச் சேதி: விலை ஏறிற்று, அல்லது இறங்கிற்று. 1834-லிருந்து இரண்டு வருஷம் இப்படி நடந்தது. பிடிபட்டு 1837-ல் வழக்கு வந்தபோது, தந்தியைத் தனி மனிதன் உபயோகிக்கக் கூடாது என்று சட்டமே இல்லை! அந்த வருஷமே அவசர அவசரமாகச் சட்டம் செய்தார்கள். பிளாங் சகோதரர்களுக்குப் பெரிய தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் ஹோம்பர்க் என்ற ஊருக்குப் போய்ச் சூதாட்ட மண்டபம் வைத்துப் பெரும் பணம் சேர்த்தார்கள்.

சட்டம் இன்னும் எட்டாத சந்து எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற மூக்கு சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட மூக்குடைய பிளாங் மொனாக்கோவைத் தலைகீழாக மாற்றினார். 1866-ல் மண்டபம் இருந்த குன்றுக்கு இளவரசரின் பெயரால் மான்டி கார்லோ என்று பெயரிட்டார்கள். 1868-ல் ரயில் வந்தது. ரயிலோடு ரஷ்யப் பிரபுக்களும் ஆங்கிலச் சீமான்களும் வந்தார்கள். பணம் பெருகிற்று. 1869-ல் மூன்றாம் சார்லஸ் தம் பிரஜைகளுக்கு இருந்த நேர்முக வரிகளை அடியோடு ரத்து செய்தார். மொனாக்கோ பிரஜைகள் அந்தச் சூதாட்ட மண்டபத்தில் ஆடக் கூடாது என்றும் ஒரு விதி. வெளியூரான் தோற்க வேண்டும், உள்ளூரான் வரியில்லாமல் வாழ வேண்டும், ஏற்பாடு அதுதான்.

வரியில்லாத் தேசம் பிறந்தது இப்படித்தான். யாரோ ஒரு தர்மராஜா ஜனங்கள்மேல் இரக்கப்பட்டுச் செய்ததில்லை. ரொட்டிக்கும் எலுமிச்சைக்கும் வரி போட்டு ராஜ்யத்தை இழந்த குடும்பம், விற்பதற்கு வேறு சரக்கு இல்லாமல் 'வரி இல்லை' என்பதையே சரக்காக்கிற்று. சரக்கு நன்றாக விலை போயிற்று. ஆனால் அதை விற்பவன் பலவான் அல்லன் என்பதை வாங்க வந்தவர்கள் வெகு காலம் கவனிக்கவில்லை. கவனிக்க வைத்தவர் ஷார்ல் த கோல்.

1950-களில் மொனாக்கோவின் அதிர்ஷ்டம் உச்சத்தில் இருந்தது. 1956-ல் இளவரசர் மூன்றாம் ரெய்னியர் ஹாலிவுட் நட்சத்திரம் கிரேஸ் கெல்லியை மணந்தார். எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் அந்தக் கல்யாணந்தான். பிரான்ஸ் தேசத்துக் கம்பெனிகளும் தனவந்தர்களும் மொனாக்கோவில் ஒரு விலாசத்தை வைத்துக்கொண்டு, பிரெஞ்சு வரிக்கு டிமிக்கி கொடுத்தார்கள். வியாபாரம் பிரான்ஸில், வீடு வாசல் பிரான்ஸில், பெயர்ப் பலகை மட்டும் மொனாக்கோவில்! த கோல் இதைப் பொறுத்துக்கொள்கிற பிறவி அல்லர். 1962 ஜனவரியில், பிரெஞ்சுக்காரரான ராஜ்ய மந்திரியை இளவரசர் பதவியிலிருந்து நீக்கியதும் சண்டை முற்றிற்று. அந்த வருஷம் அக்டோபர் 12-ம் தேதி நள்ளிரவு பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் எல்லைச் சாலைகளில் வந்து நின்றுகொண்டார்கள். அதுவரையில் எங்கே பிரான்ஸ் முடிகிறது, எங்கே மொனாக்கோ ஆரம்பிக்கிறது என்றே காரோட்டிகளுக்குத் தெரியாது. அன்று ஒவ்வொரு வண்டியாக நிறுத்தினார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. இரண்டு சதுர கிலோமீட்டர் தேசத்துக்குத் துப்பாக்கி எதற்கு?

1963 மே 18-ல் உடன்படிக்கை ஆயிற்று. அதில் இரண்டு ஷரத்துக்கள் முக்கியமானவை. 1962 அக்டோபர் 13-ம் தேதிக்குள் அங்கே ஐந்து வருஷம் குடியிருந்ததாக நிரூபிக்க முடியாத பிரெஞ்சுப் பிரஜைகள், பாரிஸில் இருப்பதைப் போலவே பிரான்ஸுக்கு வருமான வரி கட்ட வேண்டும். இன்றைக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் வரிக்குப் பயந்து மொனாக்கோவுக்குக் குடி போனால், கடற்காற்று வாங்கலாம், வரி மிச்சமாகாது. இரண்டாவது, தன் வியாபாரத்தில் நூற்றுக்கு 25-க்கு மேல் மொனாக்கோவுக்கு வெளியே செய்கிற நிறுவனம் லாப வரி கட்டியாக வேண்டும். இப்போது அது லாபத்தில் 25 சதவிகிதம். காப்புரிமையும் எழுத்துரிமையும் வைத்துச் சம்பாதிக்கிற கம்பெனிகளும் இதற்கு உட்பட்டவை. நாவலாசிரியர்களையும் விட்டுவைக்கவில்லை என்று அறிந்தபோது எனக்கு ஓர் அற்பப் பெருமைகூட உண்டாயிற்று.

இணையத்தில் கடை வைத்திருக்கும் நம் இளைஞனை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய பெருமையே வாடிக்கைக்காரர்கள் உலகமெல்லாம் இருக்கிறார்கள் என்பதுதான். அந்தப் பெருமையே அவனை இரண்டாவது ஷரத்தில் மாட்டி வைக்கிறது. கணினி என்ற ஒன்று வீட்டுக்குள் வருவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் எழுதிய உடன்படிக்கை, அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது! வீட்டு விலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டர் சராசரி 50,000 யூரோவைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. சர்க்காருக்குக் கட்டாத வரி வீட்டுக்காரருக்கு வாடகையாகப் போகிறது.

விலாசத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரின் வழக்கைப் படிக்கலாம். 1991 முதல் 1993 வரையில் தாம் மொனாக்கோவாசி என்று அவர் கணக்குக் காட்டினார். ஜெர்மன் அதிகாரிகளோ மியூனிக்கில் அவருக்கு ஓர் அறை இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2002-ல் இரண்டு வருஷச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். விம்பிள்டனை வென்றவரை ஓர் அறை தோற்கடித்துவிட்டது.

அண்டோராவும் துபாயும் என்ன ஆயின என்றும் பார்க்கலாம். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் மலைமேல் உட்கார்ந்திருக்கும் அண்டோராவில் 2015-ல் வருமான வரி வந்தது. உச்சம் நூற்றுக்குப் பத்துதான், ஆனால் வந்துவிட்டது. துபாய் சேர்ந்த ஐக்கிய அரபு நாட்டில் சம்பளத்துக்கு வரி கிடையாது. கம்பெனி லாபத்துக்கு 2023 ஜூன் முதல் ஒன்பது சதவிகிதம். நம் இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. எந்த தேசத்துக்கும் வரி கட்ட வேண்டாத இந்தியப் பிரஜைக்கு இந்தியாவிலிருந்து வருஷத்துக்குப் பதினைந்து லட்ச ரூபாய்க்கு மேல் வருமானம் வந்தால், அவர் எங்கே படுத்து உறங்கினாலும் இங்கே வாசம் செய்பவராகவே கொள்வது என்று 2020-ல் சட்டம் செய்தார்கள். வெளிநாட்டு வருமானம் முழுவதையும் பிடுங்குகிற சட்டம் அல்ல அது. ஆனால் இங்கிருந்துகொண்டு நடத்தப்படும் வியாபாரத்தின் லாபத்தை விடாது. ஆகவே என்னிடம் கேட்கிற பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்த ஊரில் வரி எத்தனை சதவிகிதம் என்பது இருக்கட்டும், அந்த ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது, அதன் வாசலில் சுங்கச்சாவடி போடக்கூடிய பெரியவர் யார், அவருடைய மனசு இப்போது எப்படி இருக்கிறது?

மொனாக்கோவில் வருமான வரி இல்லையென்றால் ராஜ்யம் எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். சூதாட்ட மண்டபத்தின் வருமானம் இப்போது கொசுறு. பெரும்பங்கு, கடைகளில் வாங்கும் பொருள்மேல் விழுகிற வரியிலிருந்து வருகிறது. பிரான்ஸில் என்ன விகிதமோ அதே விகிதம் இங்கும்: பொதுவாக 20 சதவிகிதம், ரொட்டி முதலிய உணவுக்கு ஐந்தரை. ஐந்தாம் ஒனோரேயின் ரொட்டி வரி வேறு சட்டை போட்டுக்கொண்டு கோடீசுவரன் வீட்டுக்கும் சமையற்காரன் வீட்டுக்கும் ஒன்றுபோல் வந்துகொண்டிருக்கிறது.

அந்தச் சமையற்காரன் பெரும்பாலும் மொனாக்கோவில் குடியிருப்பதில்லை, அவனுக்குக் கட்டுப்படியாகாது. நாள்தோறும் பல்லாயிரம் பேர் பிரான்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். மாந்தோனிலிருந்து காலை ரயில் பன்னிரண்டு நிமிஷம் போலத்தான். ஓட்டல் பணியாளர், வங்கிக் குமாஸ்தா, தாதிப் பெண் எல்லோரும் அதில் ஏறுவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். மாந்தோனில் குடியிருப்பவர்கள் மொனாக்கோவில் வாங்கிய சம்பளத்துக்குப் பிரான்ஸில் வரி கட்டுகிறார்கள். பிப்ரவரி மாதம் வந்தால் அந்த ஊரில் எலுமிச்சம்பழத் திருவிழா நடக்கிறது. பழங்களாலேயே கோபுரமும் யானையும் தேரும் கட்டி ஊர்வலம் விடுகிறார்கள். பக்கத்து மொனாக்கோவிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி வேடிக்கை பார்க்க வருகிறார்கள்.