தொண்ணூற்றொன்பதோடு நின்ற அசாருதீன்

1985 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த இங்கிலாந்து டெஸ்டை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபௌலர் 201, கேட்டிங் 207. ஃபாஸ்டர் பதினொரு விக்கெட் எடுத்தார். நாம் தோற்றோம். ஆனாலும் ஊரில் பேசப்பட்டதெல்லாம் ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு ஒல்லிப் பையனைப் பற்றித்தான். கல்கத்தாவில் முதல் டெஸ்டிலேயே 110 அடித்திருந்த முகமது அசாருதீன் இங்கே 48-ம் 105-ம் எடுத்தார். அடுத்து கான்பூரில் 122. முதல் மூன்று டெஸ்டிலும் சதம் என்ற அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தை மணிக்கட்டை மட்டும் திருப்பி மிட்விக்கெட்டுக்கு அனுப்புவார். கோச்சிங் புத்தகம் அதைத் தப்பு என்று சொல்லும். இவருக்கு அது ஓடும். பாயின்டில் நின்று பந்தைப் பிடித்து எறிவதும் அப்படித்தான், குனிந்தாரா இல்லையா என்றே தெரியாது. 1990-ல் கேப்டன் ஆனார். பேசத்தான் வராது, பேட்டி எடுப்பவருக்கு முணுமுணுப்புதான் கிடைக்கும்.

2000 மார்ச்சில் பெங்களூரில் தென்னாப்பிரிக்காவுடன் ஆடியது அவருடைய 99-வது டெஸ்ட். அதில் 102 அடித்தார். எதிரணி கேப்டன் ஹான்சி குரோனியே. அடுத்த மாதமே டெல்லி போலீஸ் குரோனியேயின் டெலிபோன் பேச்சை வெளியிட்டது. ஜூனில் அவர் தம் நாட்டு விசாரணைக் கமிஷன் முன்னால், 1996-ல் கான்பூரில் ஒரு சூதாட்டத் தரகரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அசாருதீன்தான் என்றார். அசார் மறுத்தார். சிறுபான்மையினன் என்பதால் என்னைக் குறிவைக்கிறார்கள் என்றும் ஒரு தடவை சொல்லிவிட்டார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்; அவர் பக்கம் இருந்தவர்களே அன்று சங்கடப்பட்டார்கள். சி.பி.ஐ. அறிக்கை வந்தது. டிசம்பரில் கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை போட்டது.

அப்புறம் வழக்கு. 2012 நவம்பரில் ஆந்திர ஐகோர்ட் அந்தத் தடை செல்லாது என்றது. அதற்குள் அவர் மொராதாபாத் எம்.பி. ஆகியிருந்தார், வயது 49. கோர்ட் தடையைத்தான் நீக்கியது. பணம் வாங்கினாரா இல்லையா என்ற டீக்கடை விவாதம் நீங்கவில்லை. என் நண்பர்களில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

முதல் டெஸ்டிலும் சதம், கடைசி டெஸ்டிலும் சதம். மொத்தம் 22 சதம், 6215 ரன். நூறாவது டெஸ்ட் மட்டும் இல்லை.